முத்திருளாயி வீட்டு வாசல் நிலை

"எதுக்கு டீச்சர் எங்கள தெருவுல உக்கார வச்சிருக்கீங்க?"

முத்திருளாயி இப்படிக் கேட்டபோது நான் ஏணியின் நான்காவது படியில் நின்று கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். கீழே புதுப் பாய் விரித்திருந்தது. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஓரத்தில் பானைத் தண்ணீர், அதன்மேல் கவிழ்த்த டம்ளர். நான்கு சுவரும் கூரையும் உள்ள இடத்தில் தெரு எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை.

பாயில்தானே உட்காரச் சொன்னேன் என்றேன். அவர் உட்காரவில்லை. மேடை நடுவில் நான் இரண்டு நாள் பாடுபட்டு நிறுத்தியிருந்த மர நிலையை மேலும் கீழும் பார்த்தார். அது அவர் வீட்டு வாசல் நிலை. இடித்துத் தள்ளப்பட்ட அந்த வீட்டில் மிச்சமாக அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். பிறகு தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எங்கள் நாடகக் கொட்டகையின் முதல் காட்சிக்கு மூன்று நாள் இருந்தது. அவர் வராவிட்டால் முதல் காட்சியே கடைசிக் காட்சியாகிவிடும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

சென்ற வாரம் இந்தத் தொடரில் சித்திரப் பரீட்சைக் கதையைப் பாதியில் நிறுத்தியிருந்தேன். அது கொஞ்சம் காத்திருக்கட்டும். கொட்டகைக் கதையைச் சூட்டோடு சூடாக எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

உப்பு குடித்த கட்டடம்

எங்கள் கடற்கரை ஊரில் கிட்டங்கித் தெரு என்று ஒன்று இருந்தது. உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கிகளும், அவற்றில் மூட்டை தூக்கியவர்களின் வீடுகளுமாக நெருக்கியடித்த தெரு. மழை பொய்த்த காலத்தில் முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து நிலத்தைப் போட்டுவிட்டுப் பிழைக்க வந்த விவசாயக் குடும்பங்கள் அவை. கடலைப் பார்த்தபடி மூன்று தலைமுறை வாழ்ந்தார்கள். ஆனால் ஒருவர்கூடக் கடலுக்குப் போகவில்லை. மழை பெய்தால் ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேதான் பேரன் பேத்தி எடுத்திருக்கிறார்கள்.

பிறகு ஒரு நாள், கடற்கரையோரம் பெரிய திட்டம் வருகிறது, காலி செய்யுங்கள் என்று சொன்னார்கள். தெருவையே வாரி ஊருக்கு வெளியே, உடைமரக் காட்டுக்கு நடுவில் கட்டிய காலனியில் கொண்டுபோய் விட்டார்கள். திட்டம் இன்றுவரை வரவில்லை. என்ன திட்டம் என்று பலரிடம் கேட்டுப் பார்த்தேன். துறைமுகம் என்றார் ஒருவர், ரோடு என்றார் இன்னொருவர், பூங்கா என்றார் ஒரு அம்மாள்.

காலி மனையில் ஒரு கிட்டங்கி மட்டும் தப்பி நின்றது. அது ஏன் தப்பியது என்பதற்கும் என்னிடம் நான்கு கதைகள் இருக்கின்றன. இடிக்க வந்த இயந்திரம் சேற்றில் மாட்டிக்கொண்டது என்பது அதில் எனக்குப் பிடித்த கதை.

அந்தக் கிட்டங்கியைக் குத்தகைக்கு எடுத்து நாடகக் கொட்டகையாக்கியவர் முனியசாமி. அதே தெருவில் பிறந்தவர். வீடு இடிபட்டபோது எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாராம். மதுரையில் நாடகக் குழுக்களோடு இருபது வருடம் அலைந்துவிட்டுத் திரும்பி வந்தார். பள்ளிக்கூடத்தில் சித்திர டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற என்னை, மேடை அலங்காரத்துக்கு வாருங்கள் என்று கூப்பிட்டார். என்ன ஏது என்று பார்க்கும் ஆசையில் மறுநாளே போய் நின்றேன்.

அந்தக் கட்டடம் உப்பைக் குடித்துக் குடித்து வளர்ந்தது. சுவரைச் சுரண்டினால் வெள்ளையாக உதிரும். நடிகர்கள் வசனத்துக்கு வசனம் உதட்டை நக்கிக்கொள்வார்கள். ஆணி அடித்தால் பத்து நாளில் துருப்பிடித்துக் கையோடு வந்துவிடும். அதனால் எங்கள் கொட்டகையில் ஆணி என்பதே கிடையாது. விளக்கு, திரை, தட்டி எல்லாமே தேங்காய் நார்க் கயிற்றுக் கட்டுதான். ஓய்வு பெற்ற பிறகு நான் புதிதாகக் கற்றுக்கொண்ட வித்தை முடிச்சுப் போடுவது.

முனியசாமிக்கு ஒரே ஒரு பிடிவாதம். கிட்டங்கித் தெருவின் கடைசி வாரத்தைத்தான் முதல் நாடகமாகப் போட வேண்டும். அதைக் காலனிக்காரர்கள்தான் முதலில் பார்க்க வேண்டும். அவர்கள் வராவிட்டால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மதுரைக்கே போய்விடுவேன் என்றார். வெறும் பேச்சில்லை, பெட்டியைக்கூட அவர் முழுதாகப் பிரித்திருக்கவில்லை.

காலனியில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வந்தது. முத்திருளாயி வந்தால் வருகிறோம் என்றார்கள்.

முன்னால் இரும்பு, பின்னால் மரம்

முத்திருளாயி எங்கள் பள்ளியில் சத்துணவு சமைப்பவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். சாம்பாரில் உப்புக் குறைவு என்று தலைமை ஆசிரியர் ஒரு முறை சொல்லப்போக, உப்பு டப்பாவை அவர் மேசையிலேயே கொண்டுபோய் வைத்தவர். அவரை எனக்கு அன்றிலிருந்தே பிடிக்கும். பயமும் உண்டு.

அவரைப் பார்க்கக் காலனிக்குப் போனபோதுதான் அந்த விஷயம் கண்ணில் பட்டது. எல்லா வீட்டுக்கும் முன்பக்கம் ஒரே மாதிரி இரும்புக் கதவு. ஆனால் பல வீடுகளின் பின்சுவரில், ஒரு பழைய மர வாசல் நிலை சாத்தி வைத்திருந்தது. கதவு இல்லை, வெறும் நிலை மட்டும். சிலவற்றில் மஞ்சளும் குங்குமமும் புதிதாக வைத்திருந்தது.

இதைக் கேட்காமல் திரும்பினால் நான் நானில்லை. புது வீட்டில் பொருத்த முடியாத நிலையை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்றேன். வீட்டை விட்டாலும் நிலையை விடக்கூடாது என்பது அவர்கள் கிராமத்து வழக்கமாம். அதை விற்கவும் மாட்டார்கள், அடுப்பில் வைக்கவும் மாட்டார்கள். குடும்பம் எங்கே போனாலும் கூடவே போக வேண்டியது அது.

முத்திருளாயி வீட்டு நிலை இன்னும் விசேஷம். கரையில் உடைந்து கிடந்த தோணியின் பலகையை வாங்கி அவருடைய மாமனார் செய்ய வைத்தது. கடல் தண்ணீரைக் குடித்த மரம் என்பதால் கரையான் அண்டவில்லை. கால்களில் தோணியின் பழைய துளைகளை மரக்கட்டை வைத்து அடைத்த தடம் இருக்கிறது. மேல்கட்டையில் செதுக்கிய ஒரு தாமரை. உழவர் குடும்பத்து வாசலில் கடல் மரத்தில் பூத்த அந்தப் பூவைப் பார்த்ததும் என் கை பென்சிலைத் தேடியது.

நாடகத்துக்குத் தாருங்கள் என்று கேட்டு மூன்று முறை நடந்தேன். கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். முதல் காட்சியைப் பார்த்துவிட்டு, நிலை கொட்டகையில் இருப்பதா, மறுநாள் காலையிலேயே வீட்டுக்குத் திரும்புவதா என்று அவர் சொல்வார். நாங்கள் மறுபேச்சுப் பேசக்கூடாது.

அய்யா நின்ற வேப்பமரம்

வாசல் என்றதும் எனக்கு எங்கள் அய்யா ஞாபகம் வந்துவிடும். நானும் கமுதிப் பக்கத்துக்காரிதான். எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது, அதைவிட அதிகமாக வீம்பு இருந்தது.

என் அக்கா கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க அய்யா ஒரு பங்காளி வீட்டுக்குப் போனார். வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். ஆனால் 'வாங்க' என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. வாங்க என்று சொல்லாத வாசலை எங்கள் பக்கத்தில் யாரும் தாண்ட மாட்டார்கள். அய்யா வாசலில் இருந்த வேப்பமரத்தடியில் ஒரு மணி நேரம் நின்றார். பத்திரிகையைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு பதினோரு வருடம் அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லை.

இந்தக் கதையை ஒருநாள் தேநீர் இடைவேளையில் நூர்தீனிடம் சொன்னேன். நூர்தீன் பெரியபட்டினத்துக்காரர். பகலில் வேன் ஓட்டுவார், மாலையில் எங்களோடு நடிப்பார். எங்கள் நாடகத்தில் அவர்தான் அதிகாரி. அவரிடம் ஒரு பழக்கத்தைக் கவனித்திருந்தேன். கொட்டகைக் கதவு திறந்தே கிடந்தாலும் வெளியே நின்று சலாம் சொல்லி, உள்ளிருந்து குரல் வந்த பிறகுதான் கால் வைப்பார். ஏன் என்று கேட்டேன்.

"வாப்பா சொல்லிக் குடுத்தது டீச்சர். மூணு தடவ கேக்கணும். பதில் வரலன்னா திரும்பிப் போயிரணும். அதுல வருத்தமும் வச்சுக்கக் கூடாது" என்றார்.

வருத்தம் வைத்துக்கொள்ளக் கூடாது என்ற பகுதியை எங்கள் அய்யாவுக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

இந்தப் பழக்கத்தால் ஒத்திகையில் ஒரு தொல்லை. கடைசிக் காட்சியில் அதிகாரி நிலையைத் தாண்டி, பூட்ஸ் காலோடு விறுவிறுவென்று உள்ளே வர வேண்டும். நூர்தீனுக்கு அந்த இடத்தில் கால் தயங்கும். முனியசாமி தலையில் அடித்துக்கொள்வார்.

ஒரு வரித் தாள்

அந்தக் கடைசிக் காட்சியில் அதிகாரி கையில் ஒரு தாள் இருக்கும். 'எங்கள் வீட்டை நாங்களே மனமுவந்து அகற்றிக்கொள்கிறோம்' என்று அதில் ஒரு வரி. அதை அவர் உரக்கப் படிப்பதோடு நாடகம் முடியும்.

இது முனியசாமி கற்பனை செய்த வரி இல்லை. கிட்டங்கித் தெருவில் அப்படித்தான் நடந்திருக்கிறது. இயந்திரம் வருவதற்கு முன்னால் நிலையை மட்டும் எடுத்துக்கொள்ளத் தவணை கொடுங்கள் என்று இவர்கள் கேட்டார்கள். இந்தத் தாளில் கைநாட்டு வைத்தால் மூன்று நாள் தருகிறோம் என்றார்கள் அதிகாரிகள். இவர்களும் வைத்துவிட்டார்கள்.

நிலையைப் பெயர்த்தால் அதற்கு மேல் உள்ள சுவர் நிற்காது. ஆகவே அவரவர் வீட்டின் முகப்பை அவரவரே கடப்பாரையால் இடித்தார்கள். நிலை பத்திரமாக வெளியே வந்தது. ஆனால் அதற்குப் பிறகு நியாயம் கேட்டு எங்கே போனாலும் அந்தத் தாளைத்தான் எடுத்து நீட்டினார்கள். நீங்களாகத்தானே போனீர்கள் என்றார்கள்.

வேறு யாராக இருந்தாலும் வீட்டுக்கு முன்னால் படுத்துப் போராடியிருப்பார்கள். இவர்கள் நிலையைக் காப்பாற்றப் போய் வீட்டைத் தொலைத்தார்கள். இதைக் கேட்ட அன்று எனக்கு அவர்கள்மேல் கோபம் வந்தது. அந்தக் கோபம் வந்ததற்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

ஆணிப் பக்கம்

முத்திருளாயி தூக்குவாளியோடு வெளியேறிய மறுநாள் காலை, பள்ளிச் சமையலறைக்குப் போனேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன். பாதிக் கீரை முடிந்தது. என்ன தப்புச் செய்தேன் என்று கடைசியில் நானே கேட்டேன்.

"பூவு எந்தப் பக்கம் இருக்கு டீச்சர்?"

உங்களைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறேன், எல்லோரும் பார்க்கட்டும் என்றுதானே வைத்தேன் என்றேன்.

"பூவு தெருவுக்கு டீச்சர். வாரவுக போறவுக பாக்குறதுக்கு. வீட்டுக்குள்ள இருக்கவுகளுக்குப் பூவு தெரியாது, ஆணிதான் தெரியும். இப்ப எங்களுக்குப் பூவு தெரியுது. அப்ப நாங்க எங்கன இருக்கோம்?"

என் கையில் கீரை அப்படியே நின்றது.

அவர் குரலை உயர்த்தவில்லை. நிலையைப் பெயர்த்த பிறகு, காலனிக்கு வண்டி வரும்வரை, மூன்று நாள் பிள்ளைகுட்டிகளோடு இடிந்த வீட்டுக்கு எதிரே தெருவில்தான் கிடந்தார்களாம். சமைத்ததும் தெருவில், குளித்ததும் சேலையை மறைப்பாகக் கட்டித் தெருவில். ஒரு தடவை வெளியே உட்கார்ந்தது போதாதா என்று கேட்டார். முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சித்திரம் சொல்லிக்கொடுத்த எனக்கு, ஒரு பொருளை எந்தப் பக்கம் நின்று பார்ப்பது என்று தெரியாமல் போயிற்று.

நேரே கொட்டகைக்குப் போய் நிலைக்குப் பின்னால் நின்றேன். தூக்கி நிறுத்தும்போது தொட்டிருக்கிறேனே தவிர, நான் பார்க்காத பக்கம் அது. சாவி தொங்கிய ஆணி. காலண்டர் தொங்கிய ஆணி. தொட்டில் கயிறு உரசிய பள்ளம். சிம்னி விளக்கின் புகை படிந்து ஒரு முழத்துக்குக் கறுப்பு. அலங்காரம் என்று ஒன்றும் இல்லை, ஆனால் ஒரு குடும்பம் அங்கே இருந்தது.

முனியசாமியிடம் சொன்னேன். தெருவில் கிடந்த அந்த மூன்று நாளில் அவரும்தானே இருந்தார். எனக்கு எப்படி இது தோன்றாமல் போச்சு டீச்சர் என்று மட்டும் சொன்னார். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து மேடையையே பிரித்தோம்.

நிலையைக் கிட்டங்கியின் பெரிய கதவுக்கு நேரே கொண்டுவந்து, தாமரை வெளியே பார்க்க, ஆணிப் பக்கம் பாயைப் பார்க்க நிறுத்திக் கட்டினோம். கதவை முழுக்கத் திறந்துவிட்டால் நிலைக்கு அந்தப் பக்கம் காலி மனை தெரியும். முன்னே கிட்டங்கித் தெரு இருந்த அதே மண். வெளிச்சம் வேண்டும் என்பதால் காட்சியை மாலை ஐந்து மணிக்கு மாற்றினோம். விளக்குக்காகக் கட்டிய கயிற்றையெல்லாம் அவிழ்த்ததில் என் விரல் நகம் இரண்டு போனது.

மூன்று முறை

நிலையைத் திருப்பி வைத்துவிட்டோம், வந்து பாருங்கள் என்று முத்திருளாயிக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். காட்சி நாளன்று காலனியிலிருந்து வேன் வந்தது, நூர்தீனின் வேன்தான். முத்திருளாயி முதல் ஆளாக இறங்கினார். பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே வந்தவர், நிலையைப் பார்த்து நின்றார். கிட்டே போய்ச் சாவி ஆணியை விரலால் தொட்டார். பிறகு வந்து முதல் பாயில் காலை நீட்டி உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் எல்லோரும் உட்கார்ந்தார்கள். எனக்கு அப்போதே கண் கலங்கிவிட்டது, வியர்வையைத் துடைப்பதுபோலத் துடைத்துக்கொண்டேன்.

நாடகம் நன்றாகத்தான் போனது. ஒரு இடத்தில் சிரித்தார்கள். மூட்டை தூக்குபவராக நடித்தவரின் வசனத்தை ஒரு பெரியவர் பாயிலிருந்தபடியே திருத்தினார். நடிகரும் திருத்திச் சொன்னார்.

கடைசிக் காட்சி வந்தது. வெளியே காலி மனையில், சாயும் வெயிலில், தூரத்திலிருந்து நூர்தீன் பூட்ஸ் காலோடு நடந்து வந்தார். கையில் அந்தத் தாள். அவர் வருவதை எல்லோரும் நிலை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வீட்டுக்குள் இருந்தார்கள், அதிகாரி தெருவில் வந்துகொண்டிருந்தார்.

நிலைக்கு முன்னால் வந்ததும் நூர்தீன் நின்றுவிட்டார்.

நானும் முனியசாமியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வா வா என்று முனியசாமி கையைக் காட்டினார். நூர்தீன் அவரைப் பார்க்கவில்லை. பாயில் இருந்த முகங்களைத்தான் பார்த்தார்.

"உள்ள வரலாமா?" என்று கேட்டார். நாடகத்தில் அப்படி ஒரு வசனமே கிடையாது.

யாரும் பதில் சொல்லவில்லை. இரண்டாவது தடவை கேட்டார். முத்திருளாயி தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ ஒரு பெண் தன் மடியில் இருந்த பிள்ளையின் வாயைப் பொத்தினார். மூன்றாவது தடவை கேட்டபோது நூர்தீனின் குரல் அதிகாரியின் குரலாக இல்லை.

வாங்க என்ற வார்த்தை வரவில்லை. நூர்தீன் திரும்பினார். தாளைப் படிக்காமலே, வந்த வழியில் நடக்க ஆரம்பித்தார்.

அன்றைக்கு இப்படி ஒருவர் கேட்டிருந்தால், கேட்டுவிட்டுத் திரும்பிப் போயிருந்தால். என்னால் அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை. முனியசாமி சுவரில் சாய்ந்து, சின்னப் பையன் மாதிரி அழுதுகொண்டிருந்தார்.

நூர்தீன் பத்துப் பன்னிரண்டு எட்டுப் போயிருப்பார். பின்னாலிருந்து முத்திருளாயி கூப்பிட்டார்.

"ஏப்பா நூர்தீனு, அந்தத் தாள அங்கனயே வச்சிட்டு நீ மட்டும் வா."

நூர்தீன் திரும்பிப் பார்த்தார். தாளைத் தரையில் வைத்து மேலே ஒரு கல்லை வைத்தார். பூட்ஸைக் கழற்றிப் பக்கத்தில் விட்டார். வெறுங்காலோடு வந்து, வலது காலை எடுத்து நிலைக்கு உள்ளே வைத்தார். முத்திருளாயி காலை மடக்கிக்கொண்டு, பாயில் அவருக்கு இடம் விட்டார்.

மறுநாள் காலை நானே மூன்று சக்கர வண்டியோடு காலனிக்குப் போனேன். நிலையைக் கொண்டுவந்துவிடலாமா என்று கேட்டேன். முத்திருளாயி பின்சுவரில் நிலை சாத்தியிருந்த இடத்தைக் கழுவி, அம்மிக்கல்லைப் போட்டு வைத்திருந்தார். அதன் முன்னால் உட்கார்ந்து தேங்காய் அரைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

"அங்கனயே இருக்கட்டும் டீச்சர். ஆனா எங்கள மறுபடி தெருவுல உக்கார வச்சீங்கன்னா, அன்னைக்கே வந்து தூக்கிட்டுப் போயிருவேன்."